கண்ணாடி மாற்றிய பிறகு

தமிழில் கண்ணாடி என்ற ஒரே சொல்லை மூன்று பொருட்களுக்குத் தாராளமாகச் செலவிடுகிறோம். முகம் பார்ப்பது கண்ணாடி. மூக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதும் கண்ணாடி. ஜன்னலில் பதித்துத் தெருவைப் பார்ப்பதும் கண்ணாடிதான். இதைச் சொல் வறுமை என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று இருக்கிறது. மூன்றையும் நாம் பார்ப்பதில்லை. அவற்றைக் கொண்டு வேறொன்றைப் பார்க்கிறோம். தான் மறைந்துகொண்டு பிறிதொன்றைக் காட்டுவது அதன் ஸ்வபாவம். மறைந்திருப்பதாலேயே அது செய்கிற காரியம் நம் பிரக்ஞைக்கு எட்டாமல் போகிறது.

இப்போது வருகிற கார்களின் முன்கண்ணாடியை இதற்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். ஆரம்பத்தில் அதற்கு இருந்த வேலை காற்றையும் தூசியையும் தடுப்பது மட்டுமே. உடைந்தபோது அது உள்ளே இருந்தவரின் முகத்தைக் கிழித்தது. 1903இல் எதுவார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வு அறையில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்து, விரிசல் கண்டும் சிதறாமல் கிடந்தது என்பார்கள். உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909இல் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் தத்துவம் அதுதான்: இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் படலம். பிறகு வேறு பொறுப்புகளும் வந்து சேர்ந்தன. கார் உருண்டால் கூரை அமுங்காமல் இருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. மோதலின்போது முன் இருக்கைக்காரருக்காக விரிகிற காற்றுப்பை முட்டுக்கொடுத்து நிற்பது பெரும்பாலும் அதன் மேல்தான்.

கடைசியாகச் சேர்ந்த பொறுப்புதான் விசேஷமானது. பின்னால் வருவதைக் காட்டும் ஆடிக்குப் பின்புறம், கண்ணாடியின் உள் முகத்தை ஒட்டி, ஒரு காமிரா உட்கார்ந்திருக்கிறது. சாலைக் கோடுகளைப் படிக்கிறது. முன்னால் போகிற வண்டி எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறது. குறுக்கே மனிதன் வந்தால் அடையாளம் காண்கிறது. ஓட்டுகிறவர் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது. அவர் பிரேக்கை மிதிக்காவிட்டால் அதுவே மிதிக்கச் செய்கிறது. 2008இல் ஜப்பானில் சுபாரு கம்பெனி இரண்டு காமிராக்களை மட்டுமே நம்பி இப்படி ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிதாக விற்கிற எந்தக் காரிலும் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இருந்தாக வேண்டும். இந்தியாவில் 2021 வாக்கில் நடுத்தர விலைக் கார்களுக்கும் இது வந்துவிட்டது.

ஆக, ஒரே கண்ணாடி உள்ளே இருக்கிற இரண்டு பேருக்கு இரண்டு விதமான பொருளாகிவிட்டது. நமக்கு அது ஜன்னல். காமிராவுக்கு அது மூக்குக்கண்ணாடி. ஜன்னலை மாற்றினால் வெளியே இருக்கிற தெரு மாறிவிடாது. மூக்குக்கண்ணாடியை மாற்றினால் மாறும். புதுக் கண்ணாடியின் வளைவில், பருமனில், காமிராவைத் தாங்குகிற கொக்கி ஒட்டியிருக்கும் இடத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் போதும். காமிரா பார்க்கிற உலகம் இடம் பெயர்ந்துவிடும். காமிராவுக்கு இது தெரியாது. தான் முன்பு இருந்த இடத்தில், முன்பு பார்த்த திசையில் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும்.

பெயர்ச்சியின் அளவைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். பக்கவாட்டில் 1 டிகிரி விலகினால் 100 மீட்டர் தூரத்தில் அது 1.75 மீட்டர். நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். அதாவது சரியாகப் பாதித் தடம். மேல் கீழாக விலகுவது இன்னும் மோசம். ஒற்றைக் காமிரா தூரத்தை அறிகிற வழிகளில் முக்கியமானது, முன்னால் போகிற வண்டியின் சக்கரம் தரையைத் தொடுகிற இடம் தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்ப்பது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிற காமிராவுக்கு, 50 மீட்டரில் இருக்கிற சக்கரம் சுமார் 1.5 டிகிரி கீழே தெரியும். காமிரா தான் நினைத்திருப்பதைவிட அரை டிகிரி குனிந்து இருந்தால் அந்த 1.5 அதற்கு 1 ஆகிவிடும். 50 மீட்டரில் இருக்கிற லாரி 75 மீட்டரில் இருப்பதாகக் கணக்கு வரும். அரை டிகிரி நிமிர்ந்திருந்தால் 37 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்கு 28 மீட்டர் போகிறது. கணக்கில் தவறிய 25 மீட்டர் என்பது ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவான காலம். ராடாரும் துணைக்கு இருக்கிற கார்களில் இந்தப் பிழை ஓரளவு பிடிபடலாம். காமிராவை மட்டும் நம்பியிருக்கிற கார்களும் இருக்கின்றன.

இந்தக் கணக்கெல்லாம் நான் போட நேர்ந்ததற்குக் காரணம் என் அக்காவின் கணவர். அத்தானுக்குத் திருச்சியில் மருந்து மொத்த வியாபாரம். வாரத்தில் இரண்டு நாள் மதுரைக்குப் போய் இரவில் திரும்புகிறவர். சென்ற ஆண்டு விராலிமலையைத் தாண்டி வருகிறபோது, முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லி தெறித்துக் கண்ணாடியில் பட்டது. நட்சத்திரம் போல ஒரு சிறிய உடைசல். மறுநாள் வெயிலில் அது ஒரு முழ நீளத்துக்கு ஓடிவிட்டது. கண்ணாடிக் கடையில் கொடுத்தார். பழையதை அறுத்து எடுத்து, புதியதைப் பசை வைத்துப் பதித்து, பசை இறுகும்வரை உட்காரவைத்து, சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. "முன்னைவிட இப்ப பளிச்சுனு தெரியுது மச்சான்" என்றார் அத்தான்.

ஒரு வாரம் கழித்து, கார் மெல்ல இடது பக்கம் இழுக்கிறது என்றார். சக்கரங்களை அலைன்மெண்ட் பார்த்ததில் ஒன்றும் இல்லை. ஊருக்குள் இழுப்பதில்லை, நெடுஞ்சாலையில் கோடுகள் நன்றாக இருக்கிற இடத்தில் மட்டும் இழுக்கிறது. காமிரா கோட்டைத் தவறான இடத்தில் பார்த்துக்கொண்டு, நடுவில் போகிற காரை நடுவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் அத்தான் சமாதானம் ஆகிவிட்டார். "பழகிப்போச்சு. நான் கொஞ்சம் வலது பக்கமாப் பிடிச்சுக்கிறேன்" என்றார்.

இந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. தினமும் தெரிகிற பிழைக்கு மனிதன் பழகிக்கொள்வான். அதற்கு எதிராக ஒரு பிழையைத் தன் கையில் வளர்த்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து நேராக ஓட்டிவிடுவான். ஆனால் ஸ்டீயரிங்கை இழுக்கிற அதே கண்தான் பிரேக்கையும் பிடிக்க வேண்டும். பிரேக்கின் பிழை தினமும் தெரியாது. தேவைப்படுகிற ஒரு இரவில், ஒரே ஒரு முறைதான் தெரியும். அதற்குப் பழகிக்கொள்ள அவகாசம் கிடையாது.

கண்ணாடிக் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் மரியாதையான மனிதர். டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு, "லைட் எதுவும் எரியலையே சார்" என்றார். ஏமாற்றுகிற நோக்கம் அவருக்கு இல்லை. அவரளவில் அது முழுமையான பதில். கணக்குப் புஸ்தகம் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமானது. ராமசாமி கணக்கில் வரவு வைக்க வேண்டியதை கிருஷ்ணசாமி கணக்கில் வைத்தால் ட்ரயல் பாலன்ஸ் டாலி ஆகும். இரண்டு பக்கமும் ஒரே தொகைக்குத் தவறினாலும் டாலி ஆகும். புஸ்தகம் தனக்குள் முரண்படாமல் இருக்கிறது என்பதைத்தான் டாலி சொல்கிறது. வெளியே நடந்ததோடு பொருந்துகிறது என்பதை அல்ல. எரியாத விளக்கும் பல கார்களில் அவ்வளவுதான் சொல்கிறது. காமிரா இருக்கிறது, மின்சாரம் வருகிறது, படம் விழுகிறது. படம் விழுகிற இடம் சரியா என்று காமிராவிடமே கேட்டு முழுமையாகத் தெரிந்துகொள்ள முடியாது. பழைய கண்ணாடியில் விரிசல் இருந்தது; அது தன்னைக் காட்டிக்கொண்டது. புதியது குறையில்லாமல் தெளிவாக இருக்கிறது. தெளிவும் நேரும் ஒன்றல்ல என்பதை மறைக்கிறதே இந்தத் தெளிவுதான்.

விசாரித்து வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தோம். அங்கே இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் எதிர்பார்த்தது கம்ப்யூட்டர் வேலை. நடந்ததில் பெரும்பகுதி கொத்தனார் வேலை. முதலில் மட்டமான தரையில் காரை நிறுத்தினான். டிக்கியில் இருந்த மருந்துப் பெட்டிகளை இறக்கச் சொன்னான். பின்னால் பாரம் இருந்தால் முன்புறம் தூக்கிக்கொள்ளும், காமிரா வானத்தைப் பார்க்கும். நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்தான். முன்பக்கமும் பின்பக்கமும் காரின் நடுப்புள்ளியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்தான். பின்சக்கரங்களிலிருந்து தனியாக அளந்தான். ஏன் என்று கேட்டேன். "மூஞ்சி எங்க பாக்குதுன்றது முக்கியமில்ல சார். பின்சக்கரம் எந்தப் பக்கம் நிக்குதோ, வண்டி அங்கதான் போகும். அதான் நேர்" என்றான். நூலை நீட்டி, முன்னால் இத்தனை மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து இத்தனை உயரத்தில் என்று கம்பெனி குறிப்புப்படி ஒரு பலகையை நிறுத்தினான். பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். ரசமட்டம் வைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தினான். வெயில் ஒரு பக்கமாக விழுகிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கினான். இதற்கு ஒன்றரை மணி நேரம். பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே கருவியைச் செருகிப் பொத்தானை அழுத்தினான். காமிரா பலகையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள ஆன நேரம் சில நிமிஷங்கள்.

அத்தோடு முடியவில்லை. சில கார்களுக்குப் பலகை மட்டும் போதும். சிலவற்றுக்குச் சாலையில் ஓட்டினால் போதும். அத்தானுடையதற்கு இரண்டும் தேவை. குறிப்பிட்ட வேகத்தில், இரு புறமும் கோடுகள் தெளிவாக இருக்கிற சாலையில், நிற்காமல் ஓட்ட வேண்டும். மழை கூடாது. முன்னால் லாரி மறைக்கக் கூடாது. கோடு அழிந்த சாலையில் இந்தக் கண்ணுக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. சுங்கச்சாவடி தாண்டிப் போய், நல்ல கோடு தேடி, இரண்டு முறை திரும்பி வந்து முடித்தான்.

இதை ஒரு கவிஞ நண்பரிடம் சொன்னேன். நம் பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறவர். "இயந்திரத்துக்குப் பலகை வேண்டும். கவிதை வாசிக்கிறவனுக்குப் பலகை நிறுத்தினால் அது பள்ளிக்கூடம் ஆகிவிடும்" என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பலகையின் காரியத்தை அவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். காமிரா சாலையைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இந்தச் சாலை பலகை அளவுக்கு நன்றாக இல்லை என்று தீர்ப்புச் சொல்வதில்லை. பலகை அதற்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய், எவ்வளவு சாய்ந்திருக்கிறாய். சாலையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

1880இல் மாத்யூ ஆர்னால்ட், மகாகவிகளின் சில வரிகளை உரைகல்லாக மனதில் வைத்துக்கொண்டு பிற கவிதைகளை உரசிப் பார்க்கச் சொன்னார். அது தீர்ப்புக்கான அளவுகோல். அதற்கு உன்னதமான வரிகள் தேவைப்பட்டன. பலகைக்கு உன்னதம் தேவையில்லை. யாரும் அழகு என்று சொல்ல முடியாத கறுப்பு வெள்ளைக் கட்டம் அது. அதன் ஒரே தகுதி, அதன் அளவு பார்க்கிறவனின் அபிப்பிராயத்தைச் சார்ந்தது அல்ல என்பது. நம்மிடையே க.நா.சு. ரசனை என்றும் செல்லப்பா அலசல் என்றும் வாதித்தபோது, எந்தக் கண்ணாடி நல்லது என்றுதான் பேச்சு நடந்தது. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்த பிறகு பலர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு இன்னும் சிலமுறை மாற்றிக்கொண்டார்கள். மாற்றியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பழையதில் விரிசல் இருந்தது. புதியவை நல்ல கண்ணாடிகளும்கூட. மாற்றிய பிறகு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதே என் கேள்வி.

ஒரு இளைஞரின் முதல் தொகுப்புக்கு ஒரு மதிப்புரை வந்தது. அதில் தாய் பேசுகிற கவிதையை மகள் பேசுவதாக எடுத்துக்கொண்டு, மகளின் விழைவு, மறுப்பு, அதிகாரம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். வாதம் கச்சிதமாக இருந்தது. தனக்குள் எங்கும் முரண்படவில்லை. விளக்கு எதுவும் எரியவில்லை. கவிதை மட்டும் இருக்கிற இடத்தில் இல்லை. அந்த இளைஞரின் புதிய கவிதை எதையும் அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.

விமர்சனத்துக்கு மீட்டரில் அளந்து நிறுத்துகிற பலகை கிடையாது என்பது உண்மை. ஆனால் அதற்கு அருகில் வரக்கூடிய ஒன்றை நம் முன்னோர் வைத்திருந்தார்கள். குறுந்தொகைப் பாடல்களுக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கும்: யார் கூற்று, யாரிடம், எந்த நிலையில். அந்தக் குறிப்புகளை இன்று நாம் லட்சியம் செய்வதில்லை. கவிதைக்கு வேலி போடுகின்றன என்கிறோம். அவை சில இடங்களில் தவறாகவும் இருக்கலாம். ஆனால் அவை எழுப்புகிற கேள்விகள் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். யார் பேசுகிறார்கள், யாரிடம், எப்போது. பதில் தெரியாமல் விட்டிருக்கிற கவிதையும் உண்டு. அப்போது தெரியாது என்பதே பதில். நமக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ஒரு கவிதையை எடுத்து, புதுக் கண்ணாடியோடு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது ஒன்றரை மணி நேர வேலை. அதில் தேறாத கண்ணாடியோடு அடுத்தவன் புஸ்தகத்துக்குள் வண்டியை ஓட்டக் கூடாது.

அத்தானின் விஷயத்தில் இன்ஷூரன்ஸ்காரர்கள் கண்ணாடிக்குப் பணம் கொடுத்தார்கள். பலகை வைத்த வேலைக்குக் கேட்டபோது, இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று திருப்பிக் கேட்டார்கள். பொருள் இல்லை, பாகம் இல்லை, உடைந்தது எதுவும் இல்லை. தலைப்பு இல்லாத செலவை யாரும் செய்ய விரும்புவதில்லை என்பதை என் உத்தியோகத்தில் தினமும் பார்க்கிறேன். மூன்று கடிதங்களுக்குப் பிறகு பாதித் தொகை வந்தது. மீதி அத்தானின் கைக்காசு.

கார் இப்போது நேராகப் போகிறது. ஆனால் முதல் சில வாரங்கள் அத்தானுக்குக் கஷ்டமாக இருந்தது. எதிர்ப்பக்கம் பிடித்துப் பழகிய கை, இழுப்பு நின்ற பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தது. மதுரைச் சாலையில் தன்னை அறியாமல் வலது கோட்டை நோக்கிப் போவார். கார் மெல்ல ஸ்டீயரிங்கைத் திருப்பும். "இப்ப அது சரியாத்தான் சொல்லுது மச்சான், கைதான் நம்ப மாட்டேங்குது" என்றார். அவர் கையைத் திருத்தப் பலகை எதுவும் இல்லை. தினமும் ஓட்டித்தான் அது சரியாக வேண்டியிருந்தது.